அலுமாரியில் இல்லாத அளவுச் சட்டை

1

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் என் தையல்கடைக்கு இந்த மாதத்தோடு இருபது வயது நிறைகிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, முருங்கைக்காயும் தேங்காயும் பெட்டி பெட்டியாக அடுக்கிய மரக்கறிக் கடைகளைத் தாண்டி நடந்தால் ஒரு சந்து வரும். அந்தச் சந்தில் மூன்றாவது கதவு. உள்ளே இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு திரை, ஓர் அலுமாரி, பிறகு நான். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒருவர் வெளியே நிற்கவேண்டும். அவர் அநேகமாகத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு நிற்பார், பத்து நிமிடத்தில் அவர் வீட்டுக் கதை சந்து முழுவதற்கும் தெரிந்துவிடும்.

இருபது வருடத்தைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்பு என்று ஊரிலிருக்கும் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் நச்சரித்தான். எழுத உட்கார்ந்தால், பட்ட கஷ்டம், பனிக்குளிர், விசா என்று எல்லோரும் எழுதுவதே எனக்கும் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு அலுமாரியைப் பற்றி எழுதுகிறேன். சொல்வதற்கு எனக்கு இருப்பது அதுதான்.

அலுமாரிக்குள் இருப்பவை அளவுச் சட்டைகள். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. சேலைச் சட்டை தைக்க வரும் பெண், தனக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து தருவார். தையல்காரன் நாடாவை அந்தச் சட்டையின் மேல் வைத்து அளப்பான், ஆளின் மேல் வைக்கமாட்டான். யாழ்ப்பாணத்தில் நான் தொழில் பழகிய கடையில் இதுதான் முதல் நாள் பாடம். முப்பது வருடத்துக்கு மேல் பெண்களுக்குத் தைக்கிறேன், சமீபம் வரைக்கும் ஒரு பெண்ணின் உடம்பிலும் நாடா வைத்ததில்லை. பிரெஞ்சுக்காரரிடம் இதைச் சொன்னால் நான் ஏதோ மந்திரவாதி என்பதுபோலப் பார்ப்பார்கள்.

நிரந்தர வாடிக்கையாளர்கள் அளவுச் சட்டையைத் திருப்பி வாங்கிப் போவதில்லை. "உங்களிட்டயே கிடக்கட்டும் அண்ணை" என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் அவர் இனி வேறு கடைக்குப் போகமாட்டார் என்று அர்த்தம். ஒவ்வொன்றிலும் பெயரும் இலக்கமும் எழுதிய துண்டு குத்தித் தொங்கவிட்டிருக்கிறேன். சென்ற மாதம் வரைக்கும் அறுபத்து மூன்று இருந்தன. நாயன்மார் கணக்கு என்று மனைவி கலா பகிடி பண்ணுவாள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிலர் தரும் அளவுச் சட்டை அவர்களுடைய கல்யாணத்துக்குத் தைத்தது. "இதே அளவுக்குத் தையுங்கோ, நான் அப்பிடியேதான் இருக்கிறன்" என்பார்கள். நான் மறுத்துப் பேசமாட்டேன். பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டு, மூன்று வரிசை தையல் ஓட்டிக் கொடுப்பேன். அடுத்த கிழமை அவர்களே வீட்டில் ஒரு வரிசையைப் பிரித்துவிட்டு, வெளியில் மூச்சுக் காட்டாமல் உடுத்திக்கொள்வார்கள். என் கடை இருபது வருடம் நின்றதற்கு அந்த இரண்டு விரல்தான் காரணம்.

அறுபத்து மூன்று சட்டைகளில் என் மகள் தாரணியுடையது ஒன்றுகூட இல்லை. அதுதான் இந்தக் கதை.

2

தாரணிக்கு இருபத்து நான்கு வயது. எனக்கு ஒரே பிள்ளை. நகருக்கு வெளியே சார்செல்லில் எங்களோடுதான் இருக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். கேட்பவர்களுக்கு இரண்டு வானொலி ஒரே நேரத்தில் பாடுவதுபோல இருக்கும். எங்களுக்குள் எல்லாம் விளங்கும், அல்லது விளங்குகிறது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவளுடைய பன்னிரண்டாவது வயதில் பள்ளிக்கூடத்தில் ஆண்டு முடிவு விழா வந்தது. நான் கேட்காமலே ஒரு சட்டை தைத்தேன். கத்தரிப்பூ நிறத்தில் பளபளக்கும் சற்றின் துணி, ஊதிய கைகள், கழுத்தைச் சுற்றிக் கல்யாணச் சேலையில் மிஞ்சிய சரிகைக் கரை, இடுப்பில் பின்னால் பட்டாம்பூச்சிபோலக் கட்டிய பெரிய போ முடிச்சு, அதே துணியில் கைப்பை. இன்றைக்கும் சொல்வேன், தையல் என்று பார்த்தால் அதில் ஒரு குறை பிடிக்க முடியாது. போய்வந்தாள். சட்டையை மடித்து என் மேசையில் வைத்து, மிகவும் மரியாதையாக, இனிமேல் தனக்கு உடுப்பு கடையில் வாங்கினால் போதும் என்று சொன்னாள். திரைச்சீலையைக் கட்டிக்கொண்டு வந்தாயா என்று வகுப்பில் யாரோ கேட்டதாகப் பிறகு கலா சொன்னாள்.

நான் கோபப்படவில்லை என்று எழுதினால் பொய். கோபப்பட்டேன், அந்த வகுப்பின் மீது, அந்தச் சற்றின் துணியின் மீது, கடைசியாக என் மீது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவள் நான் தைத்த ஒன்றையும் உடுத்தவில்லை. பூப்புச் சடங்குக்குச் சேலை கட்டினாள், அதற்கான சட்டையைக்கூட ஊரிலிருந்து வருவித்தோம். தையல்காரன் மகள்! நண்பர்கள் கேட்டால், "அவளுக்கு இந்த நாட்டு உடுப்புத்தான் பிடிக்கும்" என்று சிரித்துக்கொண்டு சொல்லப் பழகிவிட்டேன்.

படித்து முடித்ததும் உடைகளுக்கான ஓர் அருங்காட்சியகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. உடைகளை வைத்திருக்கும் இடத்தில் இல்லை, உடைகளின் சித்திரங்களை வைத்திருக்கும் பிரிவில். பெரிய ஆடை நிறுவனங்களில் ஒரு காலத்தில் ஒருவர் சட்டையை முதலில் காகிதத்தில் வரைவார், பட்டறையில் மற்றவர்கள் அதைப் பார்த்துத் தைப்பார்கள். அப்படி வரைந்த காகிதங்களை எண்ணிப் பதிந்து பெட்டியில் வைப்பது மகளின் வேலை. சட்டையைக் காகிதத்தில் வைத்துப் பாதுகாக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டு நான் ஒரு கிழமை ஆச்சரியப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம் நெருக்கும் நேரம், சந்துக்குள் தாரணி வந்து நின்றாள். கடைக்கு அவள் வந்து ஒரு வருடம் இருக்கும். கைத்தொலைபேசியை நீட்டினாள். திரையில் ஒரு சித்திரம். ஐம்பதுகளில் வரைந்தது என்றாள். முகம் இல்லாத ஒரு வெள்ளைக்காரப் பெண், கைக்குள் அடங்கும் இடுப்பு, நிலம் வரை விரியும் நீலப் பாவாடை, தோளை விட்டு இறங்கிய கழுத்து. பத்துக் கோட்டில் முடித்துவிட்டார் வரைந்தவர், ஆனால் துணி எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று எனக்கு அப்படியே தெரிந்தது.

இந்தச் சித்திரங்களை வைத்து ஒரு கண்காட்சி திறக்கப்போகிறார்களாம். திறப்பு நாளன்று விரும்பிய ஊழியர்கள் சித்திரத்திலுள்ள ஒரு உடையைத் தைத்து உடுத்திக்கொண்டு வரலாமாம். இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, கடைசி வரியை மட்டும் தமிழில் சொன்னாள்.

"அப்பா, உங்களால இதைத் தைக்க ஏலுமா?"

திரைக்கு அந்தப் பக்கம் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கூடத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். ஏலும் என்றேன். தலையை எப்படி ஆட்டினேன் என்று தெரியவில்லை, கழுத்திலிருந்த நாடா கீழே விழுந்தது.

"அளவுச் சட்டை ஒண்டு தாவன், பிள்ளை."

"என்னட்ட இருக்கிறதெல்லாம் இழுபடுற துணி, அப்பா. இதைப் பாத்துத் தையுங்கோ" என்று சித்திரத்தை என் தொலைபேசிக்கு அனுப்பிவிட்டு ஓடிவிட்டாள்.

3

உண்மையைச் சொல்கிறேன். மகளைக் கூப்பிட்டு நாடா வைத்து அளந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. என் புத்திக்கு அது எட்டவே இல்லை. அளவுச் சட்டை இல்லையா, அப்படியானால் சித்திரம்தான் அளவுச் சட்டை என்று எடுத்துக்கொண்டேன்.

சித்திரத்தைக் காகிதத்தில் அச்சடித்து, அடிமட்டம் வைத்து அளந்தேன். உச்சி முதல் பாதம் வரை இருபத்தேழு சென்டிமீட்டர். தாரணியின் உயரம் நூற்று அறுபத்திரண்டு என்று அவளுடைய அடையாள அட்டையில் இருக்கிறது. ஆகவே காகிதத்தில் ஒன்று என்றால் ஆளில் ஆறு. கழுத்திலிருந்து இடுப்புக்குக் காகிதத்தில் ஐந்து, அப்படியென்றால் முப்பது. இடுப்பிலிருந்து நிலத்துக்குப் பதினெட்டு, அப்படியென்றால் நூற்றெட்டு. இடுப்புச் சுற்றளவை மட்டும் கொடியில் காய்ந்த அவளுடைய பாவாடை ஒன்றிலிருந்து எடுத்தேன். என் கணக்கை நானே மெச்சிக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடித்தேன்.

சாதாரணமாக உடுப்புத் தைக்கிற யாரும் அந்த முப்பதைப் பார்த்ததும் உஷாராகியிருப்பார்கள். கழுத்திலிருந்து இடுப்புக்கு முப்பது சென்டிமீட்டர் இருப்பது சின்னப் பிள்ளைகளுக்கு. ஆனால் நான் சேலைச் சட்டை தைக்கிறவன். சேலைச் சட்டை எங்கே முடியும்? இடுப்புக்கு நான்கு விரல் மேலே. முப்பது வருடமாக என் கை அந்த இடத்தில் வெட்டிப் பழகியது. முப்பதா, கொஞ்சம் கட்டைதான், இந்தக் காலத்துப் பிள்ளைகள் கட்டையாகத்தானே போடுகிறார்கள் என்று கத்தரிக்கோலை வைத்தேன்.

துணிக்குப் பக்கத்துத் தெருவில் நல்ல மயில்நீலப் பட்டுச் சேலை ஒன்று எடுத்தேன். சின்னக் கரை, அதையும் பாவாடையின் மடிப்புக்குள் மறைத்துவிட்டேன். சற்றின் விஷயத்தில் பட்டது போதும். ஊதிய கை இல்லை, போ முடிச்சு இல்லை, கைப்பை இல்லை. கலா எட்டிப் பார்த்து, "இதென்ன, நீங்கள் தைச்சதோ?" என்று கேட்டாள். அவ்வளவு அடக்கமாக இருந்தது.

4

அடுத்த சனிக்கிழமை தாரணி வந்து திரைக்குள் போனாள். நான் வெளியே நின்றேன். சந்தில் ரோஸ்லின் மதாம் நின்றார். இவர் பாண்டிச்சேரிக்காரர். இங்கே வரி அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், என் அலுமாரியில் ஒன்பதாம் இலக்கச் சட்டை. இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முதுகுச் சிப்பின் பல் பூட்டிக்கொண்டு மேலே ஏறும் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது. திரும்ப ஏறியது, திரும்ப நின்றது.

திரை விலகியது. பாவாடை நிலத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. இடுப்பு இருக்கவேண்டிய தையல் விலா எலும்பின் மேல் ஏறி நின்றது. இடுப்புக்கு எடுத்த அளவு விலாவைச் சுற்றி எப்படிப் பூட்டும்? முதுகில் சிப் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

என்னைத் திட்டியிருக்கலாம். சிரித்திருக்கலாம். பன்னிரண்டு வயதில் கேட்ட அதே மரியாதையான குரல் வந்தது.

"ஸே பா கிராவ், அப்பா." பரவாயில்லை என்று அர்த்தம். தன்னிடம் கறுப்புக் காற்சட்டை இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு போவதாகச் சொன்னாள். என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். சட்டை மேசையில் மடித்தபடி கிடந்தது, அதே இடத்தில்.

அழுகை வந்தது. ரோஸ்லின் மதாம் நின்றதால் அடக்கிக்கொண்டேன். இன்னொரு பன்னிரண்டு வருடம் போனால் எனக்கு எழுபது வயது.

"என்னங்க மாஸ்டர், இப்படி ஒக்காந்துட்டீங்க?" என்றார் அவர். "திறப்பு எப்ப?"

"வாற வியாழனுக்கு அடுத்த வியாழன்."

"நாள் கெடக்குதே! அந்தப் படத்த ஒரிஜினல்ல பாத்தீங்களா? போன்ல பாக்கறதும் நேர்ல பாக்கறதும் ஒண்ணா?"

"அதை எனக்கு ஆர் காட்டுவினம்? மகளிட்ட கேக்க வாய் வருகுதில்லை."

"மகள ஏன் கேக்கணும்? மியூசேல எதையும் பாக்க யாரு வேணும்னாலும் தெமாந்து போடலாம். லெத்ர் நா எழுதித் தர்றேன். முப்பது வருஷம் லெத்ர்தானே எழுதினேன்."

தெமாந்து என்றால் விண்ணப்பம், லெத்ர் என்றால் கடிதம். அங்கேயே வெட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். விண்ணப்பதாரர் பெயர், நிறுவனம், ஆராய்ச்சியின் நோக்கம் என்று இணையத்தில் ஒரு படிவமும் இருந்தது. நிறுவனம் என்ற இடத்தில் என் கடை, லாச்சப்பல் என்று போட்டார். நோக்கம் என்ன போட என்று கேட்டார். சட்டை பிழைத்துப் போச்சு என்று போடுங்கோ என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்துவிட்டு, "சித்திரத்துக்கும் தைத்த உடைக்கும் இடையிலான வேறுபாட்டை ஆராய்தல்" என்று அழகான பிரெஞ்சில் எழுதினார். ஓய்வு பெற்ற வரி அதிகாரியின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

5

மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சித்திரத்துக்குத் திங்கட்கிழமை கண்ணாடிச் சட்டம் போடப்போகிறார்களாம், அதற்கு முன்னால் பார்க்கலாமாம்.

இந்த நாட்டில் ஓர் அலுவலகத்துக்குப் போவதென்றால் எங்கள் ஆட்கள் எப்படிப் போவோம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு கடிதத்துக்கு ஒரு பத்திரம் கேட்பார்கள், அதைக் கொடுத்தால் அது மூன்று மாதத்துக்கு உள்ளே எடுத்ததா என்பார்கள். அகதி விண்ணப்பக் காலத்தில் ஒரு ஒளிப்படப் பிரதி இல்லாமல் போய் நான் வரிசையில் மறுபடி நின்ற நாட்கள் உண்டு. அந்தப் பயம் எலும்பில் ஊறிவிட்டது. குடியுரிமை கிடைத்து எவ்வளவோ காலம், இருந்தும் வெள்ளிக்கிழமை காலை பெரிய கோப்பு ஒன்றோடு புறப்பட்டேன். அடையாள அட்டை, மின்சாரப் பற்றுச்சீட்டு, வரிப் பத்திரம், குடும்பப் புத்தகம், மொழிபெயர்த்து முத்திரை குத்திய பிறப்புச் சாட்சிப் பத்திரம், எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. சித்திரத்தைப் பார்க்க என் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எதற்கு என்று கலா கேட்டாள். கேட்டால் என்ன செய்வது என்றேன்.

வாசிப்பு அறையில் ஃபுளோரன்ஸ் மதாம் என்று ஒருவர், தாரணியின் மேலதிகாரி என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அடையாள அட்டையை மட்டும் பார்த்தார். கோப்பைத் திறக்கப்போன என்னைக் கையமர்த்தி, கை கழுவிவிட்டு வரச் சொன்னார். பேனா கூடாது, பென்சில் தந்தார். என் சட்டைப் பையில் துணியில் கோடு போடும் தையல் சோக் இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம் பதறி, ஒரு பெட்டியில் வாங்கிப் பூட்டினார். நாடாவை விட்டுவிட்டார்.

பிறகு சித்திரத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

தொலைபேசியில் பார்த்ததற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நீலம் ஓர் இடத்தில் தண்ணீராக ஓடி, மடிப்பில் கறுத்து நின்றது. கடுதாசியின் மூலையில் நகத்தளவு பட்டுத்துணி குத்தியிருந்தது, குண்டூசி துருப்பிடித்துக் கடுதாசியில் பழுப்பு வட்டம் விட்டிருந்தது. அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. இது படம் இல்லை. என் மேசையில் குத்திக் கிடக்கும் துண்டுகளைப்போல இதுவும் வேலைக்கு வந்த கடுதாசி.

அப்போதுதான் ஓரத்தைக் கவனித்தேன். தாரணி அனுப்பிய படத்தில் பெண்ணின் உருவம் மட்டும்தான் இருந்தது. அதற்கு வெளியே, வெறும் கடுதாசியில், மங்கலாகப் பென்சில் எழுத்து. வரைந்தவரின் கை இல்லை, அழுத்தி எழுதிய அவசரக் கை. எனக்கு வாசிக்க வரவில்லை. ஃபுளோரன்ஸ் மதாமிடம் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். எனக்கு விளங்கிய தமிழில் அது இதுதான்:

"இடுப்பை நாலு விரல் இறக்கு. நடுவில் பட்டி வை. எங்கள் பெண்ணுக்கு இருப்பது சாதாரணக் கால்."

நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில் சிரிக்கக் கூடாது போல, நான்கு தலைகள் திரும்பின. அடக்க முடியவில்லை. எழுபது வருடத்துக்கு முன்னால் இதே நகரத்தில் ஒரு பட்டறையில் ஒரு தையற்காரி, நாளைக்கு ஒரு நிஜப் பெண் வந்து நிற்கப்போகிறாளே என்று இந்தக் கடுதாசியோடு சண்டை பிடித்திருக்கிறாள். வாயில் குண்டூசியோடு பென்சிலைத் தேடியிருப்பாள். அவள் என் கடைக்கு வந்தால் நாங்கள் இருவரும் ஒரு சொல் பேசாமலே ஒரு நாள் வேலையை முடித்துவிடுவோம்.

"அப்பா?"

திரும்பிப் பார்த்தேன். வாசலில் தாரணி. அன்றைய ஆராய்ச்சியாளர் பட்டியலில் என் பெயரைப் பார்த்து யாரோ அதே பெயருள்ளவர் என்று நினைத்து வந்தாளாம். இங்கே என்ன செய்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஆராய்ச்சி" என்றேன்.

ஃபுளோரன்ஸ் மதாம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, இவரைத் தெரியுமா என்று கேட்டார். கழுத்தில் நாடா, கையில் மின்சாரப் பற்றுச்சீட்டுக் கோப்பு, காலில் நூல் ஒட்டிய காற்சட்டை. என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியவில்லை.

"என் அப்பா" என்றாள். "தையற்காரர். எனக்கு இந்தச் சட்டையைத் தைக்கிறார்."

தைத்தார் என்று சொல்லவில்லை. தைக்கிறார்.

6

அந்தப் பென்சில் எழுத்தைத் தாரணி தன் பதிவேட்டில் "ஓரத்தில் பென்சில் குறிப்பு" என்று மட்டும் எழுதி வைத்திருந்தாள். அது எதற்கு எழுதியது என்று ஃபுளோரன்ஸ் மதாம் என்னைக் கேட்டார். என் பிரெஞ்சு வரி அலுவலகத்துக்கும் மரக்கறிக் கடைக்கும் போதும், அருங்காட்சியகத்துக்குப் போதாது. படத்தில் இடுப்பு மேலே ஏறி நிற்கிறது, அப்படியே தைத்தால் ஆளுக்குப் பொருந்தாது என்று நான் தமிழில் சொல்ல, மகள் பிரெஞ்சில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, இப்படி வரையும்போது எப்போதும் உடம்பை இழுத்து நீட்டித்தான் வரைவார்கள், கால் ஒன்றரை மடங்கு இருக்கும், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்றாள் அவள்.

"எனக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

வெளியே நடைவழியில் கோப்பி மெஷின் பக்கத்தில் நின்று எனக்கொரு கோப்பி எடுத்துத் தந்தாள். "அப்பா, ஏன் நீங்கள் என்னை அளக்கேல்ல?"

சொன்னேன். பழகிய கடை, ஆண் தையற்காரன், அளவுச் சட்டை, அறுபத்து மூன்று பேர், எல்லாம். அவள் பிறந்து இருபத்து நான்கு வருடத்தில் என் தொழிலைப் பற்றி நான் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அவள் கோப்பியைக் கீழே வைத்தாள், கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நான் உங்கட மகள்!" என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். "அளவுங்கோ."

இங்கேயா என்றேன். இங்கேதான் என்றாள். நடைவழியில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முப்பது வருடத்தில் முதன்முதலாக ஒரு பெண்ணின் தோளில் நாடாவை வைத்தேன். கடைசியாக இவளை அளந்தபோது என் இடுப்பு உயரச் சின்னப் பிள்ளை. கழுத்திலிருந்து இடுப்புக்கு முப்பத்தெட்டு. அருங்காட்சியகம் தந்த பென்சிலால் மின்சாரப் பற்றுச்சீட்டின் பிரதியில் எழுதிக்கொண்டேன். கடைசியில் அந்தக் கோப்பு ஒன்றுக்கு உதவியது.

கடைக்கு வந்து சட்டையை விரித்தேன். எட்டு சென்டிமீட்டர் பட்டிக்குத் துணி எங்கே? சேலை முழுவதும் பாவாடைக்கும் மேல்சட்டைக்கும் போய்விட்டது. அங்குமிங்கும் தேடியபோது அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பை கண்ணில் பட்டது. எந்தச் சேலை கையில் வந்தாலும் நான் முதலில் செய்வது, அதோடு சேர்ந்து வரும் சட்டைத் துண்டைக் கத்தரித்துத் தனியே ஒரு பையில் போடுவது. இந்தச் சேலையிலும் யோசிக்காமல் அதைச் செய்திருக்கிறேன். என்னைப் பிழைவிட வைத்த அதே பழக்கம் பட்டிக்கும் துணி வைத்திருந்தது. விலாவில் இறுக்கியதற்கும் வழி இருந்தது. என்னையறியாமல் மகளுக்கும் உள்ளே இரண்டு விரல் விட்டிருந்தேன். ஒரு வரிசை பிரித்தேன், சரியாக வந்தது. பட்டியால் கீழே இறங்கிய பாவாடையை நிலத்திலிருந்து தூக்கி மடித்தேன்.

திறப்பு நாளன்று கலாவும் நானும் ரோஸ்லின் மதாமும் போனோம். தாரணி மாடிப்படியில் இறங்கி வந்தாள். நான் வர்ணிக்கப்போவதில்லை. சிப் பூட்டியிருந்தது, இடுப்பு இடுப்பில் இருந்தது, அவள் குனிந்து தன்னைப் பார்க்காமல் நேரே பார்த்து நடந்தாள். கலா என் காதுக்குள், "முதுகில ஒரு சுருக்கம் நிக்குது" என்றாள். இருந்தது. கலாவைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

சித்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அட்டை வைத்திருந்தார்கள். வரைந்தவரின் பெயருக்குக் கீழே, ஓரத்திலிருந்த குறிப்பு முழுவதும் அச்சாகி இருந்தது. எழுதியவர் பெயர் தெரியாத ஒரு பட்டறைத் தையற்காரி என்று தாரணி சேர்த்திருந்தாள். ரோஸ்லின் மதாம் அதை இரண்டு முறை வாசித்து, எழுத்துப் பிழை இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார். முத்துமாலை போட்ட ஒரு மூதாட்டி தாரணியை நிறுத்தி, இதை எங்கே தைத்தீர்கள் என்று கேட்டார்.

"லாச்சப்பலில்" என்றாள் மகள். "ஆனால் முதலிலேயே சொல்கிறேன், அளவுச் சட்டை கொண்டுபோக வேண்டும்."

7

போன சனிக்கிழமை, கூட்ட நேரம், சந்தில் திரும்பவும் தாரணி. கையில் ஒரு வெள்ளைப் பருத்திச் சட்டை. வாங்கினாளாம், தோள் பெரிதாகவும் பக்கம் தொளதொளவென்றும் இருக்கிறதாம். மின்சாரப் பற்றுச்சீட்டைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் பிடித்துக் கொடுத்தேன். திரைக்குள் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கி இறக்கினாள். சரி என்றாள்.

மறுபடி திரைக்குள் போய்த் தன் பழைய மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டையைப் பையில் போடுவாள் என்று பார்த்தேன். நேரே அலுமாரியைத் திறந்து, சட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணி, கொளுவியில் மாட்டித் தொங்கவிட்டாள்.

"இது உங்களிட்டயே கிடக்கட்டும், அப்பா."

மேசைக்குத் திரும்பி ஒரு துண்டுக் கடுதாசி எடுத்தேன். எல்லோருக்கும் எழுதுவதுபோல எழுதினேன்: தாரணி. இலக்கம் அறுபத்து நான்கு. உள்ளே இரண்டு விரல் விடவும்.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். வாசித்து முடித்ததும் முகம் மாறியது.

"எனக்கு என்னத்துக்கு ரெண்டு விரல்? நான் உடம்பு வைக்க மாட்டன்!"

"அறுபத்து மூண்டு பேரும் அப்பிடித்தான் சொன்னவை, பிள்ளை" என்று சொல்லிவிட்டு, துண்டைச் சட்டையின் காலரில் குத்தினேன்.